மேல்தளத்து ஆயா

"கையைத் தலைக்கு மேலே தூக்குங்க, ஐயா."

டிரில் மாஸ்டர் முக்கினார், முனகினார். கை மட்டும் மடியை விட்டு அசையவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கைதூக்க வைத்தவர் அவர்.

"வரமாட்டேங்குதும்மா. போன வாரத்தோட போச்சு."

அந்த முதியோர் இல்லத்தின் மேல்தளத்தில் இருந்தவர்கள் இருவர்தாம். தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் திறன் அவர்களுக்கு உண்டா என்று மதிப்பிட வந்திருந்தார் அலுவலர். திறன் உண்டென்றால் அத்தளத்து ஆயாவுக்கு வேலை போய்விடும்.

அடுத்து, ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாளிடம் ஒரு சீப்பை நீட்டினார். அம்மாள் அதைக் காதில் வைத்துக்கொண்டார்.

"அலோ, யாரு பேசுறது?"

"அது சீப்பும்மா."

"சீப்பு பேசுதாம்" என்று மாஸ்டருக்குத் தகவல் சொன்னார் அம்மாள்.

"அப்போ தலை சீவுறது, பொத்தான் போடுறதெல்லாம் யாரு?"

"ஆயாதான்" என்றனர் இருவரும் ஒரே குரலில்.

அம்மாளின் பின்னலில் ஒரு பிசிறு இல்லை. மாஸ்டரின் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. அலுவலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொகுசுக்காக நாடகமாடி, ஓர் ஏழைப் பெண்ணைச் சக்கையாகப் பிழிகிறார்களே இந்தப் பெரிய மனிதர்கள்!

மூலையில் நாற்காலியில் அமர்ந்திருந்த ஆயாவிடம் திரும்பினார்.

"அக்கா, ஐயாவைக் கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டுப் போங்க, பார்க்கிறேன்."

ஆயா கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார். பாதியிலேயே முழங்கால் மடங்கிவிட்டது.

மாஸ்டர் ஒரே தாவாகத் தாவி அவரைத் தாங்கி உட்கார வைத்தார். அம்மாள் ஓடிவந்து முதுகுக்குத் தலையணை சொருகித் தைலப் புட்டியைத் திறந்தார்.

"எந்திரிக்காதே, எந்திரிக்காதேன்னு உனக்கு எத்தனை தரம்டி சொல்றது?"

முழங்காலில் தைலத்தைப் பாதி தேய்த்த பிறகுதான் இருவருக்கும் அலுவலர் நினைவு வந்தது.

"கை வந்துடுச்சு போலிருக்கே, ஐயா?"

மாஸ்டர் கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். எடுபடவில்லை.

"என்னத்தைச் சொல்றதும்மா? இவளுக்கு ரெண்டு முட்டியும் போய் ஒரு வருஷமாச்சு. போக்கிடம் கிடையாது. இங்கேயே சேர்த்துக்கச் சொல்லலாம்னா, சேர வயசு பத்தாதாம். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"அதுவரைக்கும் இவளுக்கு நாங்கதான் ஆயா" என்றார் அம்மாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அப்போது மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், இந்தத் தளத்துக்கு ஆயா வேணுமா, வேண்டாமா?"

அம்மாளின் கை அப்படியே நின்றது. அலுவலர் மூவரையும் ஒருமுறை பார்த்தார்.

"கட்டாயம் வேணும் சார். இவங்க ரெண்டு பேரும் எழுந்து நடமாடுறதே அவங்களாலதான். அவங்களை அனுப்பிட்டீங்கன்னா, ஒரே மாசத்துல ரெண்டு பேரும் படுத்துடுவாங்க."