மூடி வைத்த தட்டு

வெர்னா உள்ளே நுழைந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

மார்லா கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் குழம்பு தெறித்து அவளுடைய சிவப்பு ஸ்வெட்டரில் விழுந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்று வருடமாக இந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஆளைப் பார்ப்பது இப்போதுதான் முதல் தடவை.

வெர்னா ஓய்வு பெற்றுப் போன நாற்காலியில்தான் மார்லா உட்கார்ந்திருக்கிறாள். போனை எடுக்க வேண்டும், எந்த வீட்டுக்கு எந்த ஆள் போவது என்று சொல்ல வேண்டும், டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் விருந்தும் வைக்க வேண்டும்.

ஹீட்டர் ரிப்பேர் கம்பெனிக்கு டிசம்பரில் மூச்சு விட நேரமிருக்காது. அமெரிக்காவின் வடகோடியிலிருக்கும் டுலூத்தின் குளிரில் ஊரிலுள்ள பாதி ஹீட்டர்கள் இந்த மாதம் பார்த்துத்தான் படுத்துக்கொள்ளும். விருந்துக்கு மண்டபம் தேடினால், எல்லாவற்றையும் பெரிய கம்பெனிகள் கோடையிலேயே பிடித்து வைத்திருந்தன. சமையலுக்கு ஆள் சிக்கவில்லை.

மார்லா விடவில்லை. கம்பெனிக் கிடங்கில் கிடந்த குழாய்களை ஓரம் கட்டினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே ஏணியில் ஏறி விளக்குச் சரம் கட்டினாள். இறைச்சி உருண்டைகளை வீட்டில் தானே உருட்டி, வேகவைத்து, காரில் வைத்துக் கொண்டுவந்தாள்.

பலன்?

"உருண்டை நல்லாத்தான் இருக்கு மார்லா. ஆனா வெர்னா கைப்பக்குவம் யாருக்கு வரும், சொல்லு!" சற்று முன்புதான் முதலாளி வாய் நிறைய மென்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள், வெர்னா பெயரை இழுக்காமல் 'நல்லா பண்ணியிருக்கே' என்று சொல்லக் கூடாதா? மார்லா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இப்போது அந்த மகாராணியே நேரில் வந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து மகள் அழைத்து வந்தாள். எல்லாரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார்கள். வெர்னா எல்லாரையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்தாள். எல்லாரையும் "நல்லா இருக்கியா கண்ணு?" என்று கேட்டாள். ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

என்ன ராங்கி, என்று நினைத்தாள் மார்லா. இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவர்களின் பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமா?

அதற்குப் பிறகு அவள் கண் வெர்னாவை விட்டு நகரவில்லை. அதனால்தான் மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள்.

ஆட்கள் பரிசுச் சீட்டு எடுக்கப் போன நேரம். வெர்னா ஒரு தட்டை எடுத்து உருண்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி என்று குவித்தாள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஃபாயில் தாளைக் கிழித்துத் தட்டின் மேல் போர்த்தி, விளிம்பைச் சுற்றிலும் அழகாக மடித்தாள்.

வீட்டுக்குக் கட்டுகிறாள்!

மார்லாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. இவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் வெர்னாவின் லட்சணம் இதுதானா? நாளைக்கு இதை ஒவ்வொருவரிடமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் வெர்னா தட்டைப் பைக்குள் வைக்கவில்லை. நேராகக் கிடங்கு மூலையிலிருந்த போன் மேஜைக்குப் போனாள். பின்னால் சுவரோரம் இருந்த ஹீட்டரின் மேல், வெதுவெதுப்பான இடத்தில் அதை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அது என் மேஜை, என்று பல்லைக் கடித்தாள் மார்லா.

பாத்திரங்களை வழித்து எடுத்த பிறகுதான் ஓர்லன் வந்தான். புருவமெல்லாம் பனி. காலையிலிருந்து ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் ஹீட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறான். அனுப்பியவள் மார்லாதான். விருந்துப் பரபரப்பில் அவனை அடியோடு மறந்துவிட்டிருந்தாள்.

அவன் காலிப் பாத்திரங்களைப் பார்த்தான். மார்லாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வண்டிச் சாவியை மாட்ட, போன் மேஜைக்குப் போன ஓர்லன் அங்கேயே நின்றான். ஃபாயிலைத் தூக்கிப் பார்த்தான்.

"அடேய், இங்க பாருங்கடா! வெளிய போனவனுக்குன்னு தட்டு எடுத்து வச்சிருக்கா, சூடா! வெர்னா போனதோட இதுவும் போச்சுன்னுல்ல நெனச்சேன். மார்லா, நீ அவளையே மிஞ்சிட்ட!"

எல்லாரும் கைதட்டினார்கள். முதலாளி விசிலடித்தார்.

மார்லா வெர்னாவைத் திரும்பிப் பார்த்தாள். இதோ எழுந்திருப்பாள், நான்தான் வைத்தேன் என்பாள், இதையும் தட்டிக்கொண்டு போய்விடுவாள்.

வெர்னா மகளிடம் கேட்டாள்: "யாரு, அந்தப் பொண்ணா எடுத்து வச்சா?"

மகள் மார்லாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவுக்கு சில நாள் என்னையே அடையாளம் தெரியறதில்ல. இங்க வேலை பார்த்ததெல்லாம் சுத்தமா மறந்துபோச்சு."

மற்றவர்கள் நிறுத்திய பிறகும் வெர்னா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா பண்ணியிருக்கே கண்ணு," என்றாள் மார்லாவைப் பார்த்து.

உண்மையைச் சொல்லிவிடத்தான் மார்லா வாயைத் திறந்தாள்.

"நன்றி" என்றுதான் வந்தது.