இரண்டாம் பாகம்

"அப்பா, நீங்க தேடுற ரெண்டாம் பாகம் கிடைச்சிடுச்சு!" மகள் கைப்பேசியை நீட்டினாள். "பழைய புத்தகம் விக்கிற ஒருத்தர்கிட்ட இருக்காம். சரின்னா நாளைக்கே வீட்டுக்கு வந்துடும்."

கல்யாணமான புதிதில் முதல் பாகத்தைப் படித்துவிட்டு அப்பா தொடங்கிய தேடல் அது. ஞாயிறு தவறாமல் அம்மாவும் அவருமாக நடைபாதைக் கடைகளை அலசுவார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அள்ளி வந்தவைதான் இன்று கூடத்துச் சுவர்களை மறைத்து நிற்கும் அத்தனை புத்தகங்களும்.

அம்மாவுக்குத் திக்கென்றது. "வேண்டாம்!" என்றாள்.

அதே நொடியில் அப்பாவும், "வேண்டாம்மா" என்றார்.

"நல்ல ஜோடிதான் போங்க!" மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றும் ஞாயிறு. பையோடு அம்மாவும் அப்பாவும் தெருவில் இறங்கினார்கள்.

"ஏங்க, நீங்க ஏன் வேண்டாம்னீங்க?"

"உன் பெட்டியில, கல்யாணப் புடவைக்கு அடியில ஒண்ணு இருக்கே. இன்னொண்ணு எதுக்கு?"

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான மறுவருஷமே கண்ணில் பட்டதை அவருக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்து வைத்தவள் அவள். கொடுத்துவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுமே என்ற பயம்.

"எப்போ பார்த்தீங்க?"

"நம்ம பொண்ணு பிறந்தப்போ. தூளிக்குப் பழைய துணி தேடினேனே, அன்னைக்கு."

"அட மனுஷா! தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை வருஷம் என்னைக் கடைகடையா இழுத்தடிச்சீங்க?"

"நீ மட்டும் என்னவாம்?"

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரிங்க, அந்தக் கதை எப்படித்தான் முடியுது?"

"யாருக்குத் தெரியும்? நான் பிரிக்கவே இல்லை. சீக்கிரம் நட, நல்ல புத்தகத்தையெல்லாம் எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."