நடு மேசை

"என் பக்கம் சாயாதீங்க சார், உங்க தலை மறைக்குது" என்றாள் அவள், உதடு அசையாமல்.

எதிர் நாற்காலியில் இருந்த டைல்ஸ் விற்பனையாளர் பாவம், தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரோரம் சாம்பல் சட்டைக்காரன் நின்றிருந்தான். அந்த ஹாலிலேயே நன்றாக ஆடுகிறவன் அவன்தான்.

அவள் அவனையே பார்த்தாள். அவனும் இவளைப் பார்த்தான். பிறகு டைல்ஸ்காரரைப் பார்த்தான். சட்டென்று மேலே இருந்த விளக்கை ஆராயத் தொடங்கிவிட்டான்.

"என்னாச்சு?"

"என்னைவிட ட்யூப்லைட் அழகா இருக்காம்."

டாங்கோ ஜோடி நடனத்தில் வாய்விட்டு அழைப்பது நாகரிகம் இல்லையாம். தூரத்திலிருந்து கண்ணால் பார்க்க வேண்டும், பிடித்திருந்தால் எதிராளி தலையசைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள், யாருக்கும் அவமானம் இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவன் ஒரு மத்தியானம் முழுக்க நாற்காலியைத் தேய்த்திருக்க மாட்டான்.

எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் செய்வது அவள் வேலை. கம்பெனி ஊர் ஊராக அனுப்பும். பையில் ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியில் ஆட்ட ஷூவும் கூடவே போகும், வேலை எதுவும் பார்க்காமல் திரும்பி வரும். சொந்த ஊர் வகுப்பில் பம்பரமாகச் சுற்றுகிறவள், வெளியூர் ஹாலில் பிடித்துவைத்த பிள்ளையார். இன்றும் ஒருத்தரும் கூப்பிடாவிட்டால் டாங்கோவையே தலைமுழுகிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

வாசலிலேயே ஒரு சண்டை போட்டாயிற்று.

"தனியா வந்த பொண்ணுங்க இந்தச் சுவர் பக்கம், ஆம்பளைங்க அந்தச் சுவர் பக்கம்" என்று டிக்கெட் கிழித்த அம்மா கைகாட்டினாள்.

"ஏன், பொண்ணு பார்க்க வராங்களா?"

"ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வசதியா இருக்கும்மா."

"கத்திரிக்கா மாதிரி எங்களை அடுக்கி வெச்சு யாரும் பார்க்க வேண்டாம். எனக்குப் பிடிச்ச இடத்துல உட்காருவேன்."

குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. இன்னொருத்தர் காட்டும் இடத்தில் உட்காருவதற்கா அவ்வளவு படித்தாள்? விறுவிறுவென்று ஹாலின் நடுவுக்கு நடந்தாள். அங்கே சின்னச் சின்ன மேசைகள், மேசைக்கு இரண்டே நாற்காலி. ஒன்றில் டைல்ஸ்காரர் இருந்தார். அவரும் வெளியூர். சுவர் பக்கம் ஃபேன் இல்லை என்று நடுவில் வந்து உட்கார்ந்தவர்.

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்ததும் டிக்கெட் அம்மா சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று இவளுக்குப் பெருமை.

"நாமளே ஆடிடலாமா மேடம்?" என்று டைல்ஸ்காரர் ஆரம்பத்திலேயே கேட்டார்தான். அவள் அவருடைய தொப்பையைப் பார்த்தாள், வேர்வையில் ஒட்டிய சட்டையைப் பார்த்தாள். "கொஞ்சம் போகட்டும் சார்" என்றாள். பிடிக்காத வரன் வந்தால் அம்மா தரகரிடம் சொல்வாளே, அதே குரல். ஆளைப் பார்த்து எடை போடுகிற உலகத்தைக் கல்லூரி நாள் முதல் திட்டித் தீர்த்தவள், அவரை நிறுத்துத் தள்ளி வைக்க ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாள்.

சுவரோரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியம்மாகூட ஆடிவிட்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். பக்கத்து மேசைக்காரர்களோ தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டார்கள்.

"பெரிய இடம். நம்மளை எல்லாம் சேர்த்துக்க மாட்டாங்க" என்றாள் அவள்.

"என்னையும் ஒரு பொண்ணு ஏறெடுத்துப் பார்க்கல மேடம். மூஞ்சியில ஏதாவது எழுதியிருக்கா?"

"உங்க மூஞ்சியில என்னன்னு தெரியல. என் கலர்ல கொட்டை எழுத்துல எழுதியிருக்கு."

"எனக்குத் தொப்பை."

"அதையும் சேர்த்துக்கலாம்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இப்படி வேர்த்து வழிஞ்சா எவ பார்ப்பா? இந்தாங்க, துடைங்க." தன் கைக்குட்டையை நீட்டினாள். அவர் துடைத்து முடித்ததும் எட்டி, கோணிக் கிடந்த காலரை இழுத்து நேராக்கினாள். "இப்ப அந்தப் பச்சை ஸ்கர்ட்டைப் பாருங்க. தைரியமா."

அவர் தைரியமாகப் பார்த்தார். பச்சை ஸ்கர்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது.

"முறைக்கிறாங்க மேடம்."

"திமிரு. விடுங்க."

ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. மைக்கில் கடைசிச் சுற்று என்று அறிவித்தார்கள். அவள் குனிந்து ஷூவின் வாரை அவிழ்த்தாள். எக்ஸ்ரே மெஷின் தேவலை, அதன் முன்னால் போய் நின்றால் உள்ளே எலும்பு வரைக்கும் பார்க்கும்.

நிமிர்ந்தபோது சாம்பல் சட்டைக்காரன் வந்துகொண்டிருந்தான். தலையசைக்கவில்லை, ஜாடை காட்டவில்லை. ஹாலைக் குறுக்கே கடந்து நேராக இந்த மேசைக்கே வந்தான். அவள் பாதி கழன்ற ஷூவுக்குள் அவசரமாகக் காலைத் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. டைல்ஸ்காரர் முன்னால் போய்ப் பணிவாகக் குனிந்தான்.

தொப்பைக்கு இருக்கிற யோகம்கூட நமக்கு இல்லையா என்று அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், மத்தியானத்துல இருந்து கேக்கலாமா வேண்டாமான்னு தயங்கிட்டே இருக்கேன்" என்றான் அவன். "உங்க வீட்டம்மாவோட ஒரே ஒரு பாட்டு ஆடிக்கட்டுமா?"