சிவப்பு ஒயர்

“இது ஸ்லைடா, பாடப் புத்தகமா? இவ்வளவு எழுத்தை எவன் உட்கார்ந்து படிப்பான்?”

சார் போட்ட போட்டில் முதலில் பேச வந்தவன் வெலவெலத்துப் போனான். கடைசி பெஞ்சில் இருந்த ஒல்லி அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்து, தன் ஸ்லைடுகளில் பாதி எழுத்தை அழித்தான்.

லிஃப்ட் மெக்கானிக் பயிற்சி வகுப்பு அது. நேற்றுக் காலை ஆளுக்கொரு கட்டடத்தில் பார்த்த ரிப்பேரை, இன்று ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. அந்த வேலை ஒல்லிக்குக் கிடைத்தே ஆகவேண்டும். அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் மாமா காபி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தமே சரியில்லை.

கடைசியாகப் பேசுவதில் ஒரு லாபம் உண்டு. அடுத்தவன் வாங்கும் திட்டில் நாம் திருந்திக்கொள்ளலாம். ஒருத்தன் திரையைப் பார்த்தே ஒப்பித்து வாங்கிக் கட்டிக்கொண்டான். இன்னொருத்தன் எழுத்துகளைப் பறக்கவிட்டான். “சர்க்கஸா காட்றே?” என்றார் சார். ஒல்லி தன் ஸ்லைடுகளில் பறந்ததையெல்லாம் பிடித்து நிறுத்தினான்.

“கண்ணாடி, நீ வாம்மா.”

மூக்குக்கண்ணாடிப் பெண் எழுந்ததும் ஒல்லி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். போட்டியே இவளோடுதான். மூன்று மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நேற்று மதியம் எல்லாருடைய ஸ்லைடுகளையும் வாங்கி வகுப்புக் கம்ப்யூட்டரில் ஏற்றியவளும் இவள்தான்; இங்கே லேப்டாப்பில் திருத்தினால் அங்கேயும் மாறிவிடும். ஒன்று விடாமல் பார்த்திருப்பாள், கில்லாடி.

“கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகராது. ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் அதை ஏமாத்த ஒரு துண்டு ஒயர் போடுவோம்,” என்று ஆரம்பித்தாள். “முடிஞ்சதும் அதைக் கழட்ட மறந்துட்டா? கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். பார்க்கிறவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும், யாராவது கால் எடுத்து வைக்கிற வரைக்கும்.”

அடுத்த ஸ்லைடைத் தட்டினாள்.

“அதனால கிளம்புறதுக்கு முன்னாடி கண்ட்ரோல் பெட்டியை ஒரு போட்டோ எடுங்க. எடுத்தா போதாது, பெருசாக்கிப் பாருங்க.”

நல்ல யோசனைதான், சுட்டுக்கொள்ளலாம் என்று ஒல்லி தன் கடைசிப் போட்டோவைப் பெரிதாக்கினான். ‘வேலை முடிந்தது’ என்று ஜம்பமாகத் தலைப்பு. கீழே ஓரத்தில், சிவப்பாக ஒரு துண்டு ஒயர்.

ஐயோ! கழற்றவே இல்லை. அவன் ரிப்பேர் பார்த்தது குழந்தைகள் ஆஸ்பத்திரியில்.

“ஒல்லி, நீதான் பாக்கி. வா.”

போட்டோவை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பேசி முடித்ததும் ஓடிப்போய்க் கழற்றிவிடலாம். பத்தே நிமிஷம்தான். விரல் பட்டன் வரைக்கும் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் எத்தனை பிள்ளைகள் ஏறி இறங்கும்?

“சார்...” போட்டோவை அழிக்காமலே எழுந்தான். “நேத்து நான் ஒயரைக் கழட்டாம வந்துட்டேன் சார். இப்பவே அந்த லிஃப்டை நிறுத்தணும்.”

சாரின் முகம் இறுகியது. “போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.”

வேலை போயிற்று. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? ஆஸ்பத்திரி வாட்ச்மேனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டேன் என்கிறாரே! ஒருவழியாக எடுத்தார்.

“அண்ணே, லிஃப்டை நிறுத்துங்க! யாரையும் ஏத்தாதீங்க!”

“யாரு, நேத்து வந்த தம்பியா? பதறாதீங்க,” என்றார் வாட்ச்மேன் சாவகாசமாக. “நேத்து சாயங்காலமே கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடிவந்து அந்த ஒயரைக் கழட்டிட்டுப் போயிடுச்சு. நீங்களா கூப்பிட்டுக் கேட்டா மட்டும் இதைச் சொல்லச் சொல்லிச்சு தம்பி. நீங்க கூப்பிடலைன்னா, அதுவே உங்க சார்கிட்ட சொல்லிடுமாம்.”