நடுவில் அடித்த மணி

"மணி கடைசிப் பக்கத்திலை எல்லே வருகுது! நடுவிலை ஆரைக் கேட்டு அடிச்சது?"

எட்வேர்ட் மாஸ்டர் வாத்தியக்காரரை நடத்துகிற கோலை மேடையில் விட்டெறிந்தார்.

உடுப்பிட்டி மண்டபம் வெறுமையாய்க் கிடந்தது. வருஷக்கணக்காய் இருந்து அவர் எழுதிய இசை. வயலினும் செலோவும் போதாதென்று தார்ப் பீப்பாய், கிணற்றுக் கப்பி, ஏர்க்கொழு, இரவல் வாங்கிய பள்ளிக்கூட மணி. அதையெல்லாம் தட்ட அவர் மனைவி மியூரியல்.

பீப்பாயில் முதல் அடி விழுந்தபோதே பின்வரிசையில் சிரிப்பு. செலோ தனியே வாசிக்கிற இடத்தில் மணி படபடவென்று அடிக்க, சனம் எழும்பிவிட்டது. பின்னாலேயே வாத்தியக்காரரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

"இஞ்சருங்கோ, வெளியிலை வாங்கோ. அங்கை வைச்சு ஏசுங்கோ" என்றாள் மியூரியல்.

"சனத்துக்கு முன்னாலையோ? நான் வெட்கப்பட்டது காணாதோ?"

"எல்லாம் பிறகு கதைப்பம். கெதியாய் வாங்கோ."

"சினிமாப் பாட்டெண்டால் விடிய விடிய இருந்து கேப்பினம். புதுசாய் ஒண்டைக் கேக்கப் பொறுமை இல்லை! தொடங்க முன்னமே சொன்னனான், பீப்பாய் இடிக்கும், மணி அடிக்கும், பயப்பிடாதேங்கோ, எல்லாம் இசைதான் எண்டு. ஆர் கேட்டது?"

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, முன்வரிசைக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"நான் இந்த இடத்தை விட்டு அரக்கமாட்டன்."

"உங்களுக்கு விசரே? இதுக்கை இருந்து என்ன செய்யப் போறியள்?"

"என்ரை பாட்டை நானே மனசுக்கை கேட்டு முடிக்கப் போறன். நீயும் போ! என்னை நம்பாத ஒருத்தரும் எனக்கு வேண்டாம்."

மியூரியல் அழத் தொடங்கினாள். "அப்பிடிச் சொல்லாதேங்கோ. உங்களை விட்டிட்டு நான் எங்கை போறது?"

"மணியை அடிச்சுக் குழப்பிப்போட்டு, இப்ப அழுகையோ?"

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். கண்ணீர் அப்படியே நிற்க, முகம் சிவந்தது.

"நானோ அடிச்சனான்? எங்கடை மணியை ஒருத்தரும் தொடேல்லை. அடிச்சது தேவாலய மணி! குண்டு போடப் பொம்மர் வருகுதெண்டு ஊரே பங்கருக்கை இறங்கிட்டுது. அது தெரிஞ்சுகொண்டுதான் சாகிறனெண்டு பிடிவாதம் பிடிக்கிறியளாக்கும் எண்டு நினைச்செல்லோ நானும் இஞ்சை நிக்கிறன்!"