ஒட்டகத்தைத் திட்டாதீங்க!

"ஒட்டகம் வந்துட்டானா? இல்ல, இன்னும் குறட்டை விட்டுக்கிட்டு இருக்கானா, சோம்பேறிக் கழுதை!"

கோச் கத்தினார். மைதானத்தில் வரிசையாக நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஒட்டகம் அவர்கள் அணியின் கோல்கீப்பர். நீளமான கையும் காலும் வாங்கித் தந்த பெயர். பைக்கில் வீட்டுக்குப் போனவனை லாரி மோதிவிட்டது. போன வாரம்தான் அடக்கம் செய்தார்கள். உடை மாற்றும் அறையில் அவனுடைய கொக்கியில் இன்னும் யாரும் சட்டை மாட்டவில்லை. கையில் கட்டிய கறுப்புப் பட்டையைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்னண்ணே ஆச்சு இவருக்கு?" புதிய கோல்கீப்பர் கேப்டனிடம் கிசுகிசுத்தான். "அவன் செத்தது மறந்துபோச்சா?"

"தினமும் இதே பாட்டுதான். எனக்கும் ஒண்ணும் புரியலடா."

இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் கதறியபோதும் கோச் வாய் திறக்கவில்லை. கல்லுளிமங்கன் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. புதியவனின் தலைக்கு மேலே பறந்த பந்து வலைக்குள் விழுந்தது.

"ஒட்டகம் மாதிரியே நீயும் முன்னாடி ஓடி வந்துட்டியா? அவனுக்குத்தான் கை கால் நீளம், மூளை குட்டை! உனக்குமா?"

கேப்டனுக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று கோச்சிடம் போனான்.

"செத்தவனைப் போய்த் திட்டுறீங்களே சார், மனசாட்சியே இல்லையா உங்களுக்கு?"

கோச் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். ஊதவில்லை. உதடு மட்டும் நடுங்கியது.

அது கோபமா, அழுகையா? கேப்டனுக்குப் பிடிபடவில்லை. சட்டையைப் பிடிப்பதா, தோளைப் பிடிப்பதா என்றும் தெரியவில்லை.

முகத்தைத் திருப்பியவன் திடுக்கிட்டான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், பஸ் டிரைவர் சீருடையோடு ஒட்டகத்தின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

போச்சு! எல்லாத்தையும் கேட்டுட்டாரே!

கேப்டன் பதறிக்கொண்டு ஓடினான்.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. துக்கத்துல அவருக்குப் புத்தி கலங்கிடுச்சு போல. இனிமே திட்டாம நாங்க பாத்துக்கறோம்."

"ஐயோ, வேணாம் தம்பி!" அவர் வேலிக் கம்பியை இறுகப் பற்றினார். "அவன் போனப்புறம் முதல் நாள் நான் இங்க வந்து நின்னப்போ, பழக்கதோஷத்துல திட்டிட்டு, ஓரமாப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. தினமும் திட்டுங்கன்னு அவர் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டதே நான்தான்."

"நீங்களா? எதுக்குப்பா?"

"வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் தங்கம்கிறாங்க, தெய்வம்கிறாங்க. கூட்டத்துல நீங்ககூட 'தப்பே பண்ணாத கோல்கீப்பர்'னு பேசினீங்க. கேக்கக் கேக்க, யார் பெத்த பிள்ளையோன்னு ஆயிடுச்சு. இங்க வந்து நின்னாத்தான் தம்பி, அவன் என் பையனா இருக்கான்."