பன்னிரண்டு வினாடி

அவள் கட்டைவிரலை அழுத்தியதைப் பார்த்ததும் நான் ஓடினேன்.

பாதிச் சாலையில் பையின் காது அறுந்தது. ஒரு கிலோ தக்காளி. கான்ஸ்டபிள் கையை இறக்கியதும் டவுன் பஸ் அதைச் சட்னியாக்கிவிட்டுப் போனது.

யார் மேலும் பழி போட முடியாது. எழுபத்திரண்டு வயதில் என்னை ஓடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கம், பேக்கரி வாசலில் அவள். கழுத்தில் அடையாள அட்டை. ஒரு கையில் பரீட்சை அட்டை, மறு கையில் ஸ்டாப்வாட்ச்.

உழவர் சந்தையிலிருந்து வந்து நான் சாலையில் கால் வைத்தால் ஓர் அழுத்து. பேக்கரிப் பக்கம் ஏறினால் இன்னோர் அழுத்து. உடனே எழுதுவாள்.

மூன்று நாளாக.

இளவட்டங்கள் கடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நரைத்த தலை வந்தால்தான் கை பரபரக்கும்.

முதல் நாளே கேட்டேன்.

"சும்மா ஒரு சர்வேங்கய்யா."

சும்மா யாரும் எதையும் எழுதுவதில்லை. முப்பத்தைந்து வருடம் தாலுகா ஆபீசில் எழுதியவன் நான்.

இரண்டாம் நாள் கான்ஸ்டபிளைக் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். தெரியாதவர் எதற்கு என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்?

போன வாரம்தான் புனேயிலிருந்து மகன் பேசியிருந்தான். "அப்பா, அம்மாவ வெச்சுக்கிட்டுத் தனியாச் சமாளிக்க முடியுதா?" அவன் வீட்டுக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்கென்றே குடியிருப்பு கட்டுகிறார்களாம். தோட்டமெல்லாம் இருக்கிறதாம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆள் வைத்து வேவு பார்க்கிறான்.

ஆகவே ஓடினேன்.

மறுநாள் சந்தையில் சென்னிமலையிடம் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய முட்டிகள் என்னைவிட மூத்தவை.

"அந்தப் புள்ள நம்மள நேரம் புடிக்குது. மெதுவாப் போனா பேர எழுதிக்குவா."

"அப்பிடீங்களா? அப்ப எம் மருமக வேலையாத்தான் இருக்கும்."

வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார்.

அவரைப் பார்த்துக் கீரைக்கட்டோடு சரஸ்வதி டீச்சர் ஓடினார். எதற்கென்று அவர் கேட்கக்கூட இல்லை. அந்த வாரம் முழுக்க, சந்தைக்கு வந்த நரைத்த தலைகள் எல்லாம் ஓடின.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டம் என் பின்னால் வந்தது.

வீட்டில் பாவாயி கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் மனைவிக்கு என் மேல் நாற்பத்தாறு வருடமாக ஒரே குற்றச்சாட்டு: நான் வாங்கும் கத்திரிக்காயில் புழு இருக்கும்.

இருக்கும்.

"ரோட்ட அகலம் பண்ணுன பொறவு ஒரு நா சந்தைக்குப் போகலீங்க நானு" என்றாள். "சிக்னல் வெக்கிறாங்களாமா. டீச்சர் சொன்னாங்க. பச்ச விழுந்தா நானே போயிக்குவேன்."

கான்ஸ்டபிள் கை காட்டி முடிப்பதற்குள் அவளுக்குப் பாதிச் சாலைதான் ஆகும். இரண்டு வருடமாக அவள் சந்தையை என் பையில்தான் பார்க்கிறாள்.

அடுத்த மாதம் சிக்னல் வந்தது. பச்சையில் நடக்கும் ஒரு மனித உருவம். அதன் கீழே எண்.

பாவாயி புதுச் செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கூடையை என்னிடம் தரவில்லை.

பன்னிரண்டு.

பதினொன்று.

ஒவ்வோர் அடிக்கும் இடது முட்டியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நடந்தாள்.

நான்கு. மூன்று.

நடுச்சாலையில் சிவப்பு விழுந்தது.

எல்லா ஹாரனும் ஒன்றாக. நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு லாரியின் முன்னால் நின்றேன்.

"பெருசு, வூட்டுல கெடக்க வேண்டியதுதான?" என்றான் டிரைவர்.

முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே தூரம்.

அவள் பின்னால் வந்தாள்.

வீட்டில் செருப்பைத் துடைத்து, பெட்டியிலேயே வைத்து மூடினாள்.

"நீங்களே வாங்கிட்டு வந்துருங்க. புழு இருந்தாப் பரவால்லீங்க."

மறுநாள் சிக்னல் கம்பத்தடியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அதே பரீட்சை அட்டை.

"எம் பையன்தான உன்னை அனுப்புனான்?"

"உங்க பையன் யாருங்கய்யா?"

"அப்ப இந்தப் பன்னெண்ட வெச்சது யாரு?"

அட்டையை என் பக்கம் திருப்பினாள்.

"வயசானவங்க ரோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் வேணும்னு அளந்தோமுங்க. அத வெச்சுத்தான் சிக்னல். காரணத்தச் சொன்னா நடை மாறிரும், சொல்லாதீங்கன்னாங்க."

முதல் தாளில் இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தைந்து.

அதற்கப்புறம் பக்கம் பக்கமாக ஒன்பது, பத்து, ஒன்பது. ஓரிடத்தில் எட்டு. சென்னிமலையாக இருக்கும்.

அடித்தல் திருத்தல் இல்லை. கூட்டல் சரி. என் தாலுகா ஆபீஸ் கண்ணுக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை.

"மறுக்கா அளக்க முடியுமா, கண்ணு?"

"முடியுங்க."

ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

"நேத்து நடுரோட்டுல நின்னாங்களே, அந்த அம்மாவக் கூட்டிட்டு வாங்க. உங்கள நம்பறதுக்கில்லீங்க."